மலை இறங்கியாச்சு என்று கண் அசராதீர்கள்!

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் ராத்திரி, பகல் என்ற பேதமே கிடையாது. சபரிமலைக்குப் போகிற வண்டிகள் எங்கெங்கிருந்தோ வந்து தேனி வழியாகக் குமுளிக்கு ஏறும். அரைப் பரீட்சை லீவு விட்டதும் தேக்கடி, மூணாறு பார்க்கக் குடும்பம் குடும்பமாகக் கிளம்பி வருவார்கள். அது முடிவதற்குள் பொங்கல். இதற்கு நடுவில் விடிகாலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்புகள், வாழைத்தார் லாரிகள், திராட்சைப் பெட்டி வண்டிகள். சின்னமனூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்திரண்டு வருஷமாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வழியில் இருக்கிற வீடு என்பதால் சொந்தக்காரர்களுக்கு எங்கள் வீடு ஒரு சத்திரம் மாதிரி. "மதினி, நாளைக்குக் காலைல வர்றோம், டிபன் உங்க வீட்டுலதான்" என்று போன் வரும். நானும் இட்லி, புளியோதரை எல்லாம் கட்டிக் கொடுத்து அனுப்புவேன். புளியோதரை சாயங்காலம் வரை கெடாமல் இருக்குமா என்று கவலைப்பட்ட அளவுக்கு, அதைச் சாப்பிடப் போகிறவர்கள் பத்திரமாகத் திரும்புவார்களா என்று நான் கவலைப்பட்டதில்லை. 2019 பொங்கல் வரைக்கும்.

அந்த வருஷம் என் தம்பி பொங்கல் சீர் கொண்டுவந்திருந்தான். காணும் பொங்கலன்று எல்லோருமாகத் தேக்கடிக்குப் போனோம். தம்பிதான் வண்டி ஓட்டினான். அவனுக்கு முதல் நாளே ஜலதோஷம். படகில் போய்வந்த ஈரக்காற்றில் தும்மல் தாங்கவில்லை. திரும்பும்போது குமுளியில் ஒரு மருந்துக் கடையில் ஜலதோஷ மாத்திரை வாங்கி, சூடான பாலோடு நானே கொடுத்தேன். அக்கா கொடுத்தால் அவன் மறுக்க மாட்டான்.

மலையில் இறங்கும்போது எல்லோருமே விழிப்பாக இருந்தோம். "மெதுவாடா, வளைவுடா" என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தோம். லோயர் கேம்ப் வந்ததும், "அப்பாடா, மலை இறங்கியாச்சு" என்று ஒரு பெருமூச்சு. கம்பத்தில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். உத்தமபாளையம் தாண்டியபோது நானும் கண் அசந்திருக்கிறேன். முன் சீட்டில் நான், என் மடியில் தம்பியின் இரண்டு வயதுப் பையன். இன்னும் கால் மணி நேரத்தில் வீடு.

பின்னாலிருந்து யாரோ "ஏய்!" என்று அலறின சத்தத்தில் விழித்தேன். எதிரே ஒரு புளியமரம். தம்பி பிரேக்கில் ஏறி நின்றுவிட்டான். மரத்தில் மோதவில்லை. ஆனால் குழந்தை என் கையிலிருந்து நழுவி, முன்னால் இருந்த பலகையில் நெற்றி இடித்துவிட்டது. ரத்தம். மூன்று தையல் போட்டார்கள். தையல் போட்ட டாக்டர் அம்மா கேட்டதுதான் இன்றைக்கும் காதில் நிற்கிறது. "வண்டி ஓட்டுறவருக்கு அந்த மாத்திரைய யாரு கொடுத்தது?"

எனக்குத் தெரியாதுதான். ஆனால் தெரிந்துகொள்ள முயற்சி செய்யவும் இல்லையே? ஜலதோஷம், அரிப்பு, வாந்தி ஆகியவற்றுக்கு நாம் சாதாரணமாகப் போட்டுக்கொள்ளும் பல மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும். சில இருமல் மருந்துகளும் அப்படித்தான். மலைப் பயணத்தில் குமட்டாமல் இருக்கப் போட்டுக்கொள்ளும் மாத்திரை பின்னால் உட்காருகிறவருக்கு நல்லது, ஓட்டுகிறவருக்கு ஆபத்து. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அந்த மாத்திரையில் பாதி, கால் என்று உடைத்துக் கொடுப்பதும் தவறு என்று அந்த டாக்டரே சொன்னார். மூச்சு அடங்கிவிடும் அபாயம் உண்டாம். குழந்தைகளுக்கு மலை ஏறும் முன் வயிறு முட்டவும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். போன் பார்க்க விடாமல், தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு ஒரு துண்டு இஞ்சி மரப்பா நல்ல கைமருந்து.

மடியில் குழந்தை இருந்தால் பத்திரம் என்றுதானே நாம் நினைக்கிறோம்? மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி எதிலாவது முட்டி நின்றால், உள்ளே இருப்பவர்களுக்கு அது மூன்றாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். அந்த நேரத்தில் பத்துக் கிலோ குழந்தை, நூறு நூற்றைம்பது கிலோ மூட்டை மாதிரிக் கையைப் பிய்த்துக்கொண்டு போகும். எந்தத் தாயாலும் பிடிக்க முடியாது. பாசத்துக்கும் பலத்துக்கும் சம்பந்தமில்லை. தாய்க்கும் குழந்தைக்கும் சேர்த்து ஒரே பெல்ட் போடுவது இன்னும் மோசம். நம் உடம்பே குழந்தையை நசுக்கிவிடும். குழந்தைக்குப் பின் சீட்டில் தனியிடம், சின்னக் குழந்தையாக இருந்தால் அதற்கென்று விற்கும் தனி இருக்கை. விலை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் பிறந்தநாளுக்கு வாங்கும் பட்டுப்பாவாடை, மோதிரத்தோடு ஒப்பிட்டால் அதிகமா என்று நீங்களே சொல்லுங்கள். பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு பெல்ட்டோ தனி இருக்கையோ இல்லாமல் வண்டி ஓட்டினால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டமும் சொல்கிறது. பின் சீட்டில் இருப்பவருக்கு பெல்ட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். டாட்டா குழுமத்தின் தலைவராக இருந்த சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பரில் மகாராஷ்டிராவில் நடந்த விபத்தில் இறந்தபோது, பின் சீட்டில் பெல்ட் போடாமல்தான் உட்கார்ந்திருந்தார்.

அதே வருஷம் டிசம்பர் 23-ம் தேதி இரவு எங்கள் மாவட்டத்தையே உலுக்கிய விபத்து நடந்தது. சபரிமலைக்குப் போய்விட்டுத் திரும்பிய ஆண்டிபட்டிப் பக்கத்துப் பக்தர்கள் பத்துப் பேர் வந்த வண்டி, குமுளி மலைப்பாதையில் பள்ளத்தில் விழுந்தது. பெரியாற்றுத் தண்ணீர் லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு இறங்குகிற ராட்சதக் குழாய் இருக்கிறதே, அந்த இடம். எட்டுப் பேர் இறந்துவிட்டார்கள். மாலை போட்டு விரதம் இருந்து தரிசனமும் முடித்து, வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள்.

அதற்கு இரண்டாம் நாள் எங்கள் வீட்டில் ஒரு சண்டை. கோயம்புத்தூரிலிருந்து கொழுந்தன் குடும்பம் வந்திருந்தது. ஏழு பேர் உட்காரும் வண்டியில் பதினொரு பேரை ஏற்றித் தேக்கடி போவதாகத் திட்டம். "சின்னப் புள்ளைகதான மதினி, மடியில வச்சுக்கிட்டாப் போச்சு" என்றார் கொழுந்தன். நான் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மாமியாருக்குக் கோபம். "நல்ல நாளும் அதுவுமா அபசகுனமாப் பேசாத" என்றார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. "அத்தை, அந்தப் புள்ள நெத்தியில இருக்கிற தழும்பு என் கை போட்டது" என்று சொன்னேன். வீட்டில் யாரும் பேசவில்லை. கடைசியில் என் வீட்டுக்காரர்தான், "நாம நாலு பேரும் பஸ்ல போவோம், கம்பத்துல ஏறினா குமுளிக்கு எத்தனையோ பஸ்" என்று முடித்துவைத்தார். கொழுந்தன் அன்று முழுக்க என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து போன என் மகளுக்கு மட்டும் ஏக சந்தோஷம்.

கூடுதலாக ஆள் ஏற்றினால் என்ன ஆகும் என்று பிறகு ஒரு பழைய லாரி டிரைவரிடம் கேட்டேன். பாரம் கூடக்கூட பிரேக் பிடித்து வண்டி நிற்க அதிக தூரம் ஆகும், வளைவில் ஒரு பக்கமாகச் சாயும் என்றார். மலை இறங்க அவர்கள் தொழிலில் ஒரு கணக்கு இருக்கிறது: எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. அப்போது வண்டியை என்ஜினே பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் பாரம் முழுக்க பிரேக்கில் விழும். பிரேக் சூடேறி ஒரு கட்டத்தில் பிடிக்காமலே போய்விடும். தீய்ந்த வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிட வேண்டும், சூட்டோடு தண்ணீர் ஊற்றக் கூடாது. இன்னொன்று, மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இதெல்லாம் ஆண்கள் விஷயம் என்று நாம் ஒதுங்க வேண்டியதில்லை. வண்டியில் நாமும்தானே உட்கார்ந்திருக்கிறோம்?

போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். தரைநாட்டிலிருந்து வருகிறவர்கள் முதல் தடவை ராத்திரியில் ஏறவே கூடாது என்பது என் கருத்து. மார்கழிப் பனியில் பகலிலேயே எதிரே வருவது தெரியாது. சீசன் நெரிசலில் சபரிமலைக்குப் போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிட்டு, திரும்புகிறவர்களைக் குமுளி வழியாக விடுவது போலீஸ் வழக்கம். சுற்று என்று சலித்துக்கொள்ளாதீர்கள். குறுகலான பாதையில் எதிர் வண்டி குறைகிறதே! வளைவில் நிறுத்திக் குரங்குக்கு பிஸ்கட் போடுவதும், போட்டோ எடுப்பதும் மட்டும் வேண்டவே வேண்டாம். குரங்கு பாய்ந்ததும் குழந்தைகள் பயந்து ஓடுவது நடு ரோட்டுக்குத்தான்.

தூக்கத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராத்திரி முழுக்க ஓட்டிக்கொண்டு வருகிறவருக்கு நடு ஜாமத்திலிருந்து விடிகிற வரை கண் தானாகச் சொருகும். டீ குடித்தாலும், முகம் கழுவினாலும் அது கொஞ்ச நேரத்துக்குத்தான். தூக்கத்துக்கு மருந்து தூக்கம்தான். ஓரமாக நிறுத்தி இருபது நிமிஷம் படுத்து எழுந்தாலே எவ்வளவோ தெளிவு வரும். இப்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களில் டிரைவருக்குத்தான் முதல் பாய், முதல் சாப்பாடு. முன் சீட்டில் உட்காருகிறவர் தூங்கக் கூடாது என்பதும் எங்கள் வீட்டுச் சட்டம்.

நடந்து போகும் ஐயப்ப சாமிகளும், தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களும் இருட்டில் ரோட்டோரமாகவே போவார்கள். அதிலும் கறுப்பு, நீல வேஷ்டி என்றால் பக்கத்தில் வந்த பிறகுதான் டிரைவருக்குத் தெரியும். கடைகளில் வெளிச்சம் பட்டால் மின்னும் நாடா விற்கிறது. தோள்பையின் முதுகுப் பக்கம் அதை வைத்துத் தையுங்கள். தையல் தெரிந்த நமக்கு ஐந்து நிமிஷ வேலை. போன வருஷம் எங்கள் தெருச் சாமிகள் பன்னிரண்டு பேர் பைக்கும் நான்தான் தைத்துக் கொடுத்தேன்.

வழியில் ஒரு விபத்தைப் பார்க்க நேர்ந்தால் 108-க்குப் போன் செய்து, எந்த மலைப்பாதை, எந்த வளைவு, பக்கத்தில் என்ன அடையாளம் என்று சொல்லுங்கள். அடிபட்டவருக்கு உடனே சோடா, தண்ணீர் கொடுப்பது நம் ஊர் வழக்கம், அது வேண்டாம். கழுத்து, முதுகில் அடிபட்டிருந்தால் ஆளாளுக்கு இழுத்துத் தூக்காமல், ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். என் பையில் எப்போதும் ஒரு துவைத்த பழைய வேஷ்டித் துண்டு இருக்கும். உதவி செய்தால் கோர்ட், கேஸ் என்று அலையணும் என்ற பயமும் வேண்டாம். உதவுகிறவர்களுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்று 2021 டிசம்பரில் தமிழக அரசு திட்டம் கொண்டுவந்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி என்றால் க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான். நீங்கள் போகிற வழியில் அப்படி எது இருக்கிறது என்று கிளம்பும் முன்னே தெரிந்துகொள்ளுங்கள்.

தம்பி மகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். நெற்றித் தழும்பு இன்னும் லேசாகத் தெரிகிறது. போன பொங்கலுக்கு லோயர் கேம்ப்பில் பென்னிகுயிக் மணிமண்டபம் பார்க்கப் போனோம். டிபன் தூக்கு, தண்ணீர்க்குடம் எல்லாம் ஏற்றிவிட்டு நான் கடைசியாக ஏறி உட்கார்ந்தேன். வண்டி கிளம்பவில்லை. என்னடா என்று பார்த்தால், பின் சீட்டிலிருந்து அவன் தம்பியின் தோளைப் பிடித்து நிறுத்திவைத்திருக்கிறான்.

"அப்பா, இருங்க. அத்தை இன்னும் பெல்ட் போடல."