பதுளை நகரின் வரலாற்றுச் சின்னங்கள்: ஒரு நடைவழி நோக்கு

1

வரலாற்றுச் சின்னம் என்று ஒரு சமுதாயம் எதனைப் போற்றுகின்றது, எதனைப் புறக்கணிக்கின்றது என்னும் வினா, அச்சமுதாயத்தின் உற்பத்தி உறவுகளோடும் அதிகாரத்தோடும் பிணைந்த ஒன்றாகும். கல்லும் கட்டடமும் தாமாகப் பேசுவதில்லை. அவற்றை எழுப்பியோர் எவர், எவருடைய உழைப்பின் உபரி அவற்றில் உறைந்துள்ளது என்று வினவும்போதே அவை வரலாற்றுச் சான்றுகளாகின்றன.

ஊவா மாகாணத்தின் தலைநகராகிய பதுளை இத்தகைய ஆய்வுக்கு ஏற்றதோர் களமாகும். விகாரை, தூண் கல்வெட்டு, தேவாலை, கிறித்தவ தேவாலயம், பழைய சந்தை, புகையிரத நிலையம் ஆகிய ஆறும் சிறிய நகரெல்லைக்குள் அமைந்துள்ளன. ஒரு முற்பகற்பொழுதில் நடந்தே இவற்றைப் பார்த்துவிடலாம். அந்நடையைத் தெருக்களின் ஒழுங்கிலன்றிக் காலத்தின் ஒழுங்கில் அமைத்துக்கொள்வோமாயின், ஓராயிரம் ஆண்டுக்கால உடைமை உறவுகளின் மாற்றத்தை நாம் கண்முன் காண்பது கூடும். நகரைச் சூழ்ந்த மலைகளில் வாழும் தோட்டத் தொழிலாளர் அவ்வொழுங்கில் பெறும் இடம் யாது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

2

முதலிற் கருதத்தக்கது முத்தியங்கனை விகாரை. பௌத்தர் போற்றும் பதினாறு தலங்களுள் ஒன்றாகிய இது, புத்தர் வருகை தந்த இடமென மரபு கூறும். நகருக்கு முந்திய குடியிருப்பும் வேளாண்மையும் இவ்வாற்றுப் பள்ளத்தாக்கில் நிலைபெற்றிருந்தமைக்கு இத்தலம் சான்றாக விளங்குகின்றது.

அடுத்தது, நகர நூலகத்தின் அருகே நிறுத்தப்பட்டுள்ள தூண் கல்வெட்டு. இது பதுளைக்கு உரியதன்று. மஹியங்கனையை அடுத்த சொரபொர வாவிப் பகுதியில் கண்டெடுக்கப்பட்டுப் பிரித்தானியர் காலத்தில் இங்குக் கொணரப்பட்டது. கி. பி. 10ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்ட நான்காம் உதயனின் காலத்ததாகக் கருதப்படும் இச்சிங்களக் கல்வெட்டை வாசித்து விளக்கியோருள் பரணவிதான முக்கியமானவர். அரசன் மஹியங்கனைக்கு வந்தபோது, ஹோபிட்டிகம என்னும் சந்தை ஊரின் வணிகரும் குடிகளும் அதிகாரிகளின் முறைகேடான அறவீடுகளைப் பற்றி முறையிட்டனர். அதன் விளைவாகப் பிறந்த சட்டவிதிகளே தூணில் பொறிக்கப்பட்டன. ஊரைக் கடந்து செல்லும் பண்டங்களுக்குச் சுங்கம் அறவிடலாகாது. ஒப்புக்கொள்ளப்படாத நிறைகளைப் பயன்படுத்தலாகாது. போயா நாளிற் கடை திறந்தால் தண்டம் செலுத்தல் வேண்டும் என்பன அவற்றுட் சில.

இக்கல்வெட்டினை மன்னனின் கருணைக்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். ஆயின் அதன் உள்ளீடு வேறொன்றையும் உணர்த்துகின்றது. முறையிடும் வலிமை வாய்ந்ததொரு சமூகப் பிரிவு இருந்தமையாலேயே விதி பிறந்தது. கல்லிற் பொறிக்கப்பட்டோர் சந்தையில் உரிமை பெற்றோர். அச்சந்தைக்கு வந்த விளைபொருளை உற்பத்தி செய்தோரின் குரல் அதில் ஒலிக்கவில்லை.

3

கண்டி இராச்சியக் காலத்தைச் சேர்ந்த கதிர்காம தேவாலை அடுத்த கட்டத்தைச் சுட்டுகின்றது. தேவாலைக்கு நிலம் உண்டு. அந்நிலத்தைப் பயன்படுத்துவோர் அதற்கு ஈடாக ஊழியம் செய்தல் வேண்டும். இராசகாரிய முறைமை எனப்பட்ட இந்நிலமானிய உறவு சுரண்டலற்றதன்று. எனினும் உழுதொழில் செய்வோனுக்கும் நிலத்துக்குமிடையே அறுபடாத தொடர்பொன்றை அது பேணியது. தமிழர் முருகன் எனவும் சிங்களவர் கதிர்காமத் தெய்வம் எனவும் வழிபடும் ஒரே தெய்வம் இங்கு உறைவதும் மனங்கொள்ளத்தக்கது.

அத்தொடர்பு அறுபட்டது 1815இன் பின்னராகும். 1817-1818 ஊவா-வெல்லஸ்ஸக் கிளர்ச்சியைப் பிரித்தானியர் அடக்கியபோது கிராமங்கள் எரியூட்டப்பட்டன. பயிர்களும் நீர்ப்பாசனமும் அழிக்கப்பட்டன. உறுதிப்பத்திரம் காட்ட இயலாத காடும் தரிசும் முடிக்குரியன என்று கொள்ள வழிசெய்த 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், அழிவின் எஞ்சிய பணியைச் சட்டத்தின் பெயரால் நிறைவேற்றியது. கிராமத்தவர் சேனைப் பயிருக்கும் மேய்ச்சலுக்கும் பயன்படுத்திய நிலங்கள் கோப்பித் தோட்டங்களாயின.

4

நகரின் நடுவே உள்ள புனித மாற்கு தேவாலயம் இம்மாற்றத்தின் நேரடிச் சின்னமாகும். 1845இல் ஹப்புத்தளையில் இடிவிழுந்து மாண்ட மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்னும் அதிகாரியின் நினைவாக எழுப்பப்பட்டு, 1857இல் திருநிலைப்படுத்தப்பட்டது. ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் என்று அவரைப் பற்றிக் கூறுவர். யானை வேட்டை தனியொருவரின் வீரவிளையாட்டு என்றே பேசப்பட்டு வந்துள்ளது. காடு அழிந்து தோட்டம் பரவிய காலத்தின் தேவையோடு அது இயைந்திருந்தமை பேசப்படுவதில்லை. ஒரு தனிமனிதருக்குத் தேவாலயமே நினைவுச் சின்னமாயிற்று. அதே ஆண்டுகளில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து, வாந்திபேதிக்கும் பசிக்கும் இரையாகிய தென்னிந்தியத் தொழிலாளர் ஆயிரக்கணக்கினருக்கு நடுகல்லும் இல்லை.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த எண்கோண வடிவிலான பழைய வெலேக்கடைச் சந்தைக் கட்டடத்தை, தூண் கல்வெட்டோடு ஒப்பிடல் பயன்தரும். ஹோபிட்டிகமவின் சந்தை, அண்டை ஊர்களின் விளைபொருள் கைமாறிய இடம். பதுளைச் சந்தையின் காலத்திலோ ஊவாவின் முதன்மை விளைபொருள் உள்ளூர்ச் சந்தைக்கே வருவதில்லை. 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்து தேயிலை பரவியதும், அது கொழும்பு வழியே இலண்டனுக்குச் சென்றது. தொழிலாளி ஈட்டிய கூலியும் அரிசிக் கணக்கிலும் கங்காணியின் கடனிலும் பெரும்பாலும் கழிந்தது. கடன்பட்ட தொழிலாளியைத் தோட்டத்தினின்று தோட்டத்துக்கு மாற்றும் துண்டு முறை 1921இலேயே ஒழிக்கப்பட்டது. ஆகவே, ஊவாத் தேயிலையின் தனிமணத்துக்கு வறண்ட கச்சான் காற்றைக் காரணமாகக் காட்டும் வணிக நூல்கள், அக்காற்றில் நிரை பிடித்துக் கொழுந்தெடுத்த கைகளைச் சேர்த்துச் சொல்வதில்லை.

5

நடையின் இறுதியில் நாம் அடைவது புகையிரத நிலையம். பாதை 1893இல் ஹப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் எட்டியது. பதுளையை எட்டியது 1924இல். இடையே அமைந்த தெமோதரை ஒன்பது வளைவுப் பாலமும் மலையைச் சுற்றிவரும் பாதையும் பொறியியற் சாதனைகளாக இன்று உல்லாசப் பயணிகளை ஈர்க்கின்றன. தேயிலையை இறக்குவதற்காக அமைந்த இப்பாதை, 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் மனிதரையும் ஏற்றிச் சென்றது. தாயகம் திரும்புவோர் எனப் பெயரிடப்பட்ட தொழிலாளக் குடும்பங்கள் மலைநாட்டு நிலையங்களினின்று தலைமன்னாருக்குப் புறப்பட்டன. வழியனுப்ப வந்தோரின் அழுகையால் அவ்வண்டி ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று மக்கள் வாயிற் பெயர் பெற்றது. ஒரு சட்டத்தின் விளைவுக்கு மக்கள் சூட்டிய இப்பெயர், நிலையச் சுவரில் எங்கும் இல்லாத கல்வெட்டாகும்.

6

இவ்வாறு சின்னங்களாகிய ஆறிடங்களைக் கடந்த பின்னர், சின்னமாகாத ஓரிடத்தையும் நினைவுகூர்தல் வேண்டும். 1939-40இல் தோட்டங்களிற் பரவிய வேலைநிறுத்த அலை ஊவாவில் உச்சம் அடைந்தது. 1940 மே 12ஆம் நாள் லங்கா சமசமாஜக் கட்சித் தலைவர்கள் பதுளையிற் கூட்டம் நடத்தினர். வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தமக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு சபையை அமைத்தனர். அச்சபையைக் கலந்தே நிருவாகம் நடத்தத் தோட்டத் துரை இணங்கினார். அடக்க வந்த ஆயுதப் பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் களைந்தனர். பொலிஸ் அடக்குமுறையாலும், ஊவாவை நாட்டின் பிற பகுதிகளினின்று துண்டித்த வெள்ளத்தாலும் அவ்வெழுச்சி முறியடிக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூனில் பிலிப் குணவர்த்தன, என். எம். பெரேரா முதலியோர் கைதாயினர்.

இவ்வெழுச்சியின் தொடர்ச்சியாகவே 1947ஆம் ஆண்டுத் தேர்தலைக் காணல் வேண்டும். பதுளைத் தொகுதி இலங்கை இந்தியக் காங்கிரசின் எஸ். எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த ஈராண்டுகளில் இயற்றப்பட்ட குடியுரிமை, வாக்குரிமைச் சட்டங்கள் அவ்வாக்காளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கின. கண்டிச் சிங்கள விவசாயியின் நிலமின்மைக்குத் தமிழ்த் தொழிலாளியே காரணம் என்னும் வாதம் அக்காலத்தே வலுப்பெற்றது. 1840ஆம் ஆண்டுச் சட்டத்தை நோக்குவோர்க்கு அவ்வாதத்தின் பொய்ம்மை புலனாகும். நிலத்தைப் பறித்தோன் வேறு. பறிக்கப்பட்ட நிலத்தில் கட்டுண்டு உழைத்தோன் வேறு. 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களின் வழியே குடியுரிமைச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. நிலவுரிமைச் சிக்கல் தீரவில்லை. 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்தபோது, பாதுகாப்பான இடத்திற் சொந்தக் காணி பெற்றிராத மக்களே அதிற் புதையுண்டனர்.

7

தோட்டத் தொழிலாளர்க்குக் கல்வெட்டு இல்லையெனினும் வாய்மொழி உண்டு. தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, கொழுந்தெடுக்கும் பாடல், காமன் கூத்து ஆகியவற்றில் கங்காணியும் துரையும் பிரட்டுக்களமும் இடம்பெறுகின்றமை, அவை வெறும் பொழுதுபோக்கல்ல என்பதைக் காட்டும். 1947ஆம் ஆண்டுப் பாராளுமன்றத்தில் தலவாக்கொல்லையைப் பிரதிநிதித்துவம் செய்த சி. வி. வேலுப்பிள்ளை இப்பாடல்களைத் திரட்டி வெளியிட்டமை முன்னோடிப் பணியாகும். எனினும், பாடல்களைச் சொல்லழகுக்காகத் தொகுப்பதோடு நில்லாது, எந்தத் தோட்டத்தில் எவ்வகை உழைப்பின்போது எவர் பாடினர் என்னும் விவரங்களோடு பதிவு செய்தாலன்றி அவை வரலாற்றுச் சான்றாகா.

2023இல், மலையக மக்களின் வருகைக்கு இருநூறாண்டு நிறைவுற்றதை முன்னிட்டுத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தமை இத்திசையில் குறிப்பிடத்தக்க நிகழ்வாகும். முன்னோர் நடந்த வழியையே அவர்கள் சின்னமாக்கினர். பதுளையைப் பொறுத்தவரையில் பணி இன்னும் தொடங்கப்பட வேண்டியதாகவே உள்ளது. பழைய லயங்கள் இடிகின்றன; 1940ஐக் கண்டோர் அநேகமாக மறைந்துவிட்டனர்; அவர்தம் மக்கள் கேட்டறிந்தவை எஞ்சியுள்ளன. தோட்டப் பதிவேடுகள், தொழிற்சங்க ஆவணங்கள், இடுகாடுகள், வாய்மொழிச் சான்றுகள் ஆகியவற்றைத் தமிழ், சிங்கள மாணவர் இணைந்து திரட்டுவது அவசரமான கடமையாகும். ஹோபிட்டிகமவின் வணிகர் முறையிட்டனர். அவர்தம் முறையீடு கல்லாயிற்று. வெவெஸ்ஸவின் தொழிலாளரும் முறையிட்டனர். அதனை எழுத்தில் ஏற்றும் பொறுப்பு ஆய்வாளராகிய நம்முடையது.