கறுத்த வெள்ளி

காவலூர் தொலைநோக்கியின் கண்ணாடிக்கு வெள்ளி பூசியிருக்கிறார்களாமே, உண்மையா என்று ஆலங்காயத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டு எழுதியிருக்கிறார்.

இல்லை. ஜவ்வாது மலையில் 1986-இல் திறக்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கியின் 2.34 மீட்டர் ஆடியில் இருப்பது அலுமினியப் பூச்சு. ஆனாலும் கேள்வி நியாயமானதுதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 95 சதவீதத்தையோ அதற்கு மேலோ திருப்பி அனுப்புகிற வெள்ளிக்கு அந்த வேலையில் ஈடான உலோகம் இல்லை. மின்சாரத்தைக் கடத்துவதிலும் உலோகங்களில் அதற்கே முதலிடம். 1850-களில் ஃபூக்கோ போன்றவர்கள் கண்ணாடியில் வெள்ளி பூசித்தான் தொலைநோக்கி செய்தார்கள். எமனாக வந்தது கந்தகம். கொலுசைக் கறுக்க வைக்கும் அதே வினை ஆடியையும் விடுவதில்லை. போதாக்குறைக்கு, புற ஊதா ஒளியில் வெள்ளி சரியாகப் பிரதிபலிக்காது. 1930-களில் அலுமினியம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஆனால் காவலூரில் வெள்ளி வேறு வேலை பார்த்தது. அங்கே வானத்தைப் படமெடுத்த ஃபிலிமில் இருந்தவை வெள்ளி உப்பின் நுண்படிகங்கள். ஒளி பட்டு ஒரு படிகத்தில் நாலைந்து வெள்ளி அணுக்கள் திரண்டாலே போதும். ஃபிலிமைக் கழுவும் மருந்து அந்தப் படிகம் முழுவதையும் வெள்ளியாக்கிவிடும். அப்படி உண்டாகும் சுத்த வெள்ளி, கரிக்கட்டை போலக் கறுப்பாக இருப்பதுதான் எனக்குத் தீராத வியப்பு. இங்கே கந்தகத்தின் மேல் பழி போட முடியாது. அந்த வெள்ளி மெல்லிய இழைகளாகச் சிக்குண்டு கிடக்கிறது; உள்ளே புகுந்த ஒளி இழைக்கு இழை மோதி அங்கேயே தீர்ந்துபோகிறது. ஆகவே நெகட்டிவில் நட்சத்திரம் கறுப்புப் புள்ளி. 1988-இல் வானியலாளர் ராஜமோகன் குழுவினர் காவலூரின் 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியில் கண்டுபிடித்த 4130 ராமானுஜன் என்ற குறுங்கோளும் முதலில் அகப்பட்டது இந்தக் கறுப்பு வெள்ளியில்தான்.

பழைய எக்ஸ்ரே ஃபிலிமையும் ஸ்டுடியோ நெகட்டிவையும் எடைக்கு வாங்கி, வெள்ளியைப் பிரித்தெடுத்து விற்கிறவர்கள் உண்டு. எக்ஸ்ரே போகட்டும். ஒரு ஊரின் கல்யாணங்களையும் திருவிழாக்களையும் சில கிராம் உலோகத்துக்காகக் கரைப்பதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. கொடைக்கானல் வானாய்வகத்திலோ, 1904 முதல் எடுத்த சூரியப் படங்களைப் பத்திரப்படுத்திக் கணினியிலும் ஏற்றியிருக்கிறார்கள். நூறாண்டுக்கு முந்தைய சூரியப் புள்ளிகளை இன்றைய ஆய்வாளர்கள் அவற்றிலிருந்து அளக்கிறார்கள்.