பெயரை விற்றவர்

ஆடை விற்று வாழ்ந்தோர் பலர். பெயரையும் விற்று வருந்தியவர் அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர் ஹால்ஸ்ரன். 1961இல் கெனடி குடியரசுத் தலைவராய்ப் பதவியேற்ற நாளில் அவர்தம் துணைவியார் அணிந்திருந்த சிறு தொப்பி இவர் ஆக்கியதே. அக்காலை இவர் நியூயோர்க்கில், செல்வச் சீமாட்டியர் நாடும் பேர்க்டோர்வ் குட்மன் அங்காடியில் தொப்பி செய்பவராயிருந்தார். 1973இல் தம் தொழிலையும் பெயருரிமையையும் ஒரு பெருநிறுவனத்துக்கு விற்றார். அவ்விற்பனையின் விளைவை அன்று உணர்ந்தாரல்லர்.

1983இல், ஜே. சி. பெனி என்னும் பொதுமக்கள் அங்காடிக்கென மலிவான ஆடைகளை வகுத்தளித்தார். எளியோரும் நல்லாடை உடுத்தல் குற்றமாமோ? எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. செல்வர் உலகமோ அதனைப் பொறுத்ததில்லை. இவரை வளர்த்துவிட்ட அதே பேர்க்டோர்வ் அங்காடி இவருடைய ஆடைகளை விலக்கிவிட்டது. அடுத்த ஆண்டே, கைமாறிப்போன தம் நிறுவனத்தினின்றும் வெளியேற்றப்பட்டார். அதன்பின் தம் பெயரால் ஓர் ஆடைதானும் ஆக்கி விற்கும் உரிமை இவர்க்கில்லாது போயிற்று. 1990இல் மறைந்தார்.

2004இல், பாரிசுச் சனெல் இல்லத்தின் காள் லாகர்வெல்ட், சுவீடன் நாட்டு எச் அன்ட் எம் கடைகளுக்கு அவ்வாறே ஆடை வகுத்தார். பல நகரங்களில் சில மணி நேரத்துள் அவை விற்றுத் தீர்ந்தன. சனெல் இல்லமோ, 2019இல் அவர் இறக்குமட்டும் அவரைத் தலைமையில் வைத்திருந்தது.