குலச்சின்னமும் மண்டையோடும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குக் கிழக்கே, கடலோரத்தில் அமைந்துள்ளது பழவேற்காடு. ஒல்லாந்தர் 1613இல் இங்குக் கெல்திரியா கோட்டையை எழுப்பினர். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள அவர்களது கல்லறைத் தோட்டத்தின் வாயிலில், கல்லிற் செதுக்கிய எலும்புக்கூடுகள் இருபுறமும் நிற்கின்றன. உள்ளேயுள்ள கல்லறைப் பலகைகள் சிலவற்றிலோ குலச்சின்னங்கள் விளங்குகின்றன. குலப்பெருமையும் சாவும் இவ்வாறு அருகருகே நிற்பதன் பொருள் யாது?

முகத்தை மறைக்கும் கவசம் அணிந்த போர்வீரனை அடையாளங்காட்டவே கேடயச் சின்னம் தோன்றியது. நாளடைவில் அது தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் குடும்பச் சொத்தாயிற்று. நகர வணிகரும் அதனைப் பூண்டனர். மறுமலர்ச்சிக் காலத்தில் அச்சுக்கலை இதனை எங்கும் பரப்பிற்று. செதுக்குநர் செப்புத்தகட்டில் கோடுகளைக் கீறி, அவற்றில் மையை நிரப்பி, ஈரத்தாளின்மேல் அழுத்துவார். படம் இடவலம் மாறிப் பதியுமாதலால், சின்னத்தைத் தலைகீழ்ப் பக்கமாகவே வெட்டவேண்டும். இத்தகைய அச்சுப்படங்கள் பொற்கொல்லருக்கும் கற்சிற்பியருக்கும் மாதிரிகளாயின.

நியூரம்பெர்க் நகரத்து ஆல்பிரெக்ட் டியூரர் 1503இல் செதுக்கிய படமொன்று இம்மரபையே கேள்விக்குள்ளாக்குகிறது. சிறகுகள் விரிந்த தலைக்கவசம், மணமுடி சூடிய இளம்பெண், அவளை நெருங்கும் காட்டு மனிதன் ஆகியோரைக் காண்கிறோம். ஆனால் கேடயத்தில் சிங்கமில்லை, கழுகில்லை, மண்டையோடே உள்ளது. எக்குலத்தாருக்கும் பொதுவான சின்னம் அதுவே என்பது போலும்!

சீர்திருத்தத் தலைவர் மார்ட்டின் லூத்தரும் ஒரு சின்னம் கொண்டிருந்தார். 1524 முதல் விட்டன்பெர்க்கில் அச்சான அவருடைய நூல்களில் அது உண்மைப் பதிப்பின் அடையாளமாக இடம்பெற்றது. டியூரரின் நண்பரான லாசருஸ் ஸ்பெங்லருக்கு 1530 ஜூலை 8ஆம் நாள் எழுதிய மடலில் லூத்தர் அதனை விளக்கினார். இருதயத்தில் கருஞ்சிலுவை, சுற்றிலும் வெண்ரோஜா, நீலவானம், பொன்வளையம். முன்னோர் பெயரை அன்று, சிலுவையில் அறையுண்டவர்மீதுள்ள விசுவாசத்தையே அது பறைசாற்றியது. பவுலடியாரும் சிலுவையையன்றி வேறெதையும் குறித்து மேன்மைபாராட்ட மறுத்தாரன்றோ (கலா. 6:14)?

பழவேற்காட்டுச் சின்னங்கள் அயல்நாட்டார் பெருமை என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. கேடயம் செதுக்காத நம் சபைகள் சிலவற்றில் கல்லறைத் தோட்டமே சாதியால் பிரிந்து கிடக்கிறது. உயிர்த்தெழுதலை அறிக்கையிட்டு அடக்கம் செய்யும் இடத்திலும் பிறப்பைக் காவல் காப்பது, ஒரே திருமுழுக்கை மறுதலிப்பதாகும். அவ்வாயிலின் எலும்புக்கூடுகள் எவரிடமும் குலம் கேட்பதில்லை. கிறிஸ்துவின் பந்தியும் கேட்கலாகாது.