வேலைநீக்கமும் நஷ்டஈடும்

முறைப்படி நோட்டீஸ் கொடாமல் ஓர் ஊழியரை வேலையிலிருந்து விலக்கிய முதலாளி அவருக்கு எவ்வளவு நஷ்டஈடு தரக் கடமைப்பட்டவர் என்ற வினாவுக்கு இங்கிலாந்தின் சட்டம் அளித்த விடையை அறிய விரும்புவோர், 1909ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பிரபுக்கள் சபை தீர்ப்புக் கூறிய ஆடிஸ் வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிராமபோன் கம்பெனியின் கல்கத்தா வியாபாரத்துக்கு மானேஜராக, வாரம் 15 பவுன் சம்பளமும் அதன்மேல் கமிஷனும் பெற்று உத்தியோகம் பார்த்துவந்த ஆடிஸ் என்பவரை ஆறு மாத நோட்டீஸ் கொடுத்தே விலக்கலாம் என்பது ஒப்பந்தம். 1905 அக்டோபரில் கம்பெனி நோட்டீஸ் கொடுக்கத்தான் செய்தது. ஆயினும் கையோடு வேறொருவரை அவர் ஸ்தானத்தில் அமர்த்தி, அவரை வேலை செய்ய ஒட்டாமல் தடுத்துவிட்டமையால், அவர் டிசம்பரில் இங்கிலாந்து திரும்பி வழக்குத் தொடுத்தார். ஆறு மாதச் சம்பளம் 400 பவுனுக்கும் குறைவாகவே வருமெனினும், அவர் பட்ட அவமானத்தையும் மனத்தில் கொண்டவர்கள்போல ஜூரிகள் 600 பவுன் விதித்தார்கள். பிரபுக்கள் சபையோ, நோட்டீஸ் காலத்துச் சம்பளமும் அவர் ஈட்டியிருக்கக்கூடிய கமிஷனும் அவருக்கு உரியவையேயன்றி, விலக்கிய விதத்தின் கடுமைக்கும், புண்பட்ட மனத்துக்கும், வேறு வேலை கிடைப்பதில் நேர்ந்த சிரமத்துக்கும் ஈடு கிடையாது என்று தீர்மானித்தது. காலின்ஸ் பிரபு ஒருவரே மாறுபட்ட அபிப்பிராயம் எழுதினார்.

இதன் தர்க்கம் எளியது. ஒப்பந்தப்படி நடந்திருந்தால் ஊழியருக்கு என்ன கிடைத்திருக்குமோ அதுவே நஷ்டத்தின் அளவு. நோட்டீஸ் கொடுத்து எப்போதும் விலக்கும் உரிமை முதலாளிக்கு இருந்தபடியால், நோட்டீஸ் காலத்தோடு நஷ்டமும் முடிந்துவிடுகிறது. விலக்கப்பட்டவர் தகுந்த வேறு வேலை தேட வேண்டும் என்பதும், அக்காலத்தில் அவர் சம்பாதித்தது நஷ்டஈட்டில் கழிக்கப்படும் என்பதும் இதனோடு சேர்ந்த விதிகள்.

1997ஆம் ஆண்டில், மோசடியால் வீழ்ந்த பி.சி.சி.ஐ. வங்கியில் குற்றமறியாது உழைத்து, அந்த வங்கியின் பெயரால் களங்கமுற்று வேறு வேலை கிடையாமல் அல்லலுற்றவர்களின் வழக்கில், முதலாளி ஊழியரின் நம்பிக்கையைச் சிதைக்கலாகாது என்ற கடமை ஒப்பந்தத்திலேயே அடங்கியுள்ளதென்றும், அதை மீறியதால் நேர்ந்த பணநஷ்டத்தை நிரூபித்தால் ஈடு பெறலாமென்றும் அதே சபை கூறியது. ஆயினும் 2001ஆம் ஆண்டின் ஜான்சன் வழக்கில், வேலைநீக்கம் செய்த விதத்துக்கு அந்தக் கடமை பொருந்தாது என்று எல்லை வகுத்துவிட்டது.

நம் உச்ச நீதிமன்றம் சென்ற வழி வேறு. முறையற்ற பணிநீக்கத்தில் மீண்டும் வேலையும், இடைக்காலத்துச் சம்பளமும் அளிப்பதே பொதுவிதி என்று 2013ஆம் ஆண்டில் ஓர் ஆசிரியையின் வழக்கில் அது கூறியபோது, வருமானம் இழந்தவரோடு அவர் குடும்பம் முழுவதும் படும் துன்பத்தையும் எடுத்துக்காட்டியது.

இந்த நோக்கே நியாயமானதென்று நான் உறுதியாகக் கருதுகிறேன். ஒருவர் தம் உத்தியோகத்தால் சம்பாதிப்பது மாதச் சம்பளம் மட்டுமன்று, ஊராரிடையே பெறும் மதிப்புமாகும். அதைப் பறித்தவரிடம் நோட்டீஸ் நாட்களின் சம்பளத்தை மட்டும் வசூலித்துத் தரும் சட்டம், தன் கடமையில் பாதியைத்தான் செய்கிறது.