நோய் ஈன்ற நோய்

வியத்நாம் போரின்போது, 1962 முதல் 1971 வரை, அமெரிக்க விமானங்கள் அந்நாட்டுக் காடுகளின்மீது களைக்கொல்லிகளைத் தெளித்தன. அவற்றுள் ஒன்று, பீப்பாய்களின்மீது தீட்டப்பெற்ற நிறப்பட்டையால் 'ஏஜெண்ட் ஆரஞ்சு' எனப் பெயர் பெற்றது. டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு அதிற் கலந்திருந்தது. வியத்நாம் மக்கள் பட்ட பாடு தனியே எழுதத் தக்கது. ஈண்டு நாம் சொல்லப் புகுவது, அங்குப் பணியாற்றித் திரும்பிய அமெரிக்கப் படைவீரரைப் பற்றியே.

1991-இல் இயற்றப்பெற்ற சட்டத்தின் வழியே, அந்நஞ்சோடு தொடர்புடைய நோய்களைப் போர்ப்பணியின் விளைவென்று அரசே ஏற்றுக்கொள்ளத் தொடங்கிற்று. இரண்டாம் வகை நீரிழிவு 2001-இல் அப்பட்டியலிற் சேர்ந்தது.

ஆனால் நீரிழிவு தனியே வந்து தனியே தங்குவதா? நம் இல்லங்களில் இதனை அறியாதார் யார்? பாதம் மரத்துப்போகும், கண் மங்கும், சிறுநீரகம் தளரும். இவ்வாறு ஒரு நோய் ஈன்ற மறு நோய்க்கும் ஈட்டுத்தொகை உண்டென்கிறது அந்நாட்டு விதி. வேறு காரணத்தால் வந்த நோயை நீரிழிவு முற்றச் செய்தாலும், முற்றிய அளவிற்கு ஈடுண்டு என்று 1995-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நல்ல விதிதான். எனினும், தட்டினால்தான் இக்கதவு பெரும்பாலும் திறக்கும். புதிய நோய்க்கென வீரர் விண்ணப்பிக்க வேண்டும். இரு நோய்க்கும் உள்ள தொடர்பை மருத்துவர் எழுதித் தரவும் வேண்டும். 'இருக்கலாம்' என்று மழுப்பும் கடிதத்தாற் பயனில்லை. பாதிக்குப் பாதியேனும் வாய்ப்புண்டு எனக் காரணங்காட்டி எழுதுதல் வேண்டும். சான்றுகள் இருபுறமும் சமமாய் நின்றால், ஐயத்தின் பயன் வீரருக்கே உரியது.

ஊனத்தை அளக்கும் கணக்கோ விந்தையானது. ஒரு நோய்க்கு 50 விழுக்காடும் மற்றொன்றிற்கு 30 விழுக்காடும் கிடைத்தால் கூட்டுத்தொகை 80 அன்று. முதல் நோய் போக எஞ்சிய பாதியில்தான் 30 விழுக்காட்டைக் கணக்கிடுவர். வருவது 65, அதனை 70 ஆக்குவர். தாம் ஏமாற்றப்பட்டதாக வீரர் எண்ணினால் அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை.

இதனினும் பெரிது, அவருக்குப் பின் குடும்பத்தின் நிலை. பணியால் விளைந்த நோயாலோ, அது ஈன்ற நோயாலோ வீரர் இறந்தால், மனைவிக்கு மாதந்தோறும் உதவித்தொகை பெற வழியுண்டு. இறப்புச் சான்றிதழில் சிறுநீரகச் செயலிழப்பு என்று மட்டும் எழுதி, அதற்கு வித்திட்ட நீரிழிவை மருத்துவர் குறிக்காது விட்டால், அத்தொடர்பை மெய்ப்பிக்கும் பாரம் கைம்பெண்ணின் தலைமேல் விழும். கணவர் இறந்த ஓராண்டிற்குள் அவர் விண்ணப்பித்தால், இறந்த மாதத்தின் முதல் நாளிலிருந்தே தொகை கணக்கிடப்பெறும். அதன்பின் விண்ணப்பித்தால், விண்ணப்பம் சேர்ந்த நாள் முதற்கொண்டுதான்.