அந்தச் சேலை நீலமில்லை

சென்ற மாதம் முதியோர் பிரிவில் சிகிச்சை பெற்றுவந்த பெரியவர் ஒருவருக்கு அவருடைய மகள் ஒரு படம் கொண்டுவந்து காட்டினார். 1960களின் இறுதியில் எடுக்கப்பட்ட திருமணப் படம் அது. ஆலை தொடங்கிய சில ஆண்டுகளிலேயே கைலாசபுரத்துக்குக் குடிவந்த குடும்பம். கருப்பு வெள்ளையில் இருந்த படத்தைக் கைப்பேசிச் செயலி ஒன்றில் வண்ணமேற்றிப் பெரிதாக அச்சிட்டிருந்தார். சில நாள்களாக அதிகம் பேசாதிருந்த பெரியவர் அதை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "உங்கம்மா சேலை நீலம் இல்லம்மா, அரக்கு" என்றார்.

மகளின் முகம் சற்று வாடியது. பெரியவரோ நிறுத்தவில்லை. சேலையைப் பெரிய கடைவீதியில் எடுத்தது, விலை கேட்டு மாமனார் தயங்கியது, முகூர்த்தத்தன்று பெய்த மழை என்று தொடர்ந்தார். மருந்து கொடுக்கச் சென்ற நாங்கள் நின்று கேட்டுவிட்டு வந்தோம்.

செயலி ஏன் தவறியது? கருப்பு வெள்ளைப் படச்சுருளில் பதிவது நிறமன்று, வெளிச்சத்தின் அளவு மட்டுமே. அரக்கும் கருநீலமும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறமாக விழுந்துவிடும். அதிலிருந்து பழைய நிறத்தை மீட்டெடுக்க எந்தக் கருவிக்கும் வழியில்லை. எண்ணற்ற வண்ணப் படங்களைக் கற்றுக்கொண்ட நிரல், இத்தகைய இடத்தில் இந்த நிறம் வழக்கமாக இருக்கும் என்று ஊகித்துப் பூசுகிறது. வானம், புல், மரம் ஆகியவற்றில் அந்த ஊகம் பெரும்பாலும் பலிக்கும். ஒரு வீட்டுச் சேலையின் நிறம் அந்த வீட்டாருக்குத்தான் தெரியும்.

இன்னும் பழைய படங்களில் சிக்கல் பெரிது. சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858இல் திருச்சிராப்பள்ளியையும் திருவரங்கத்தையும் படமெடுத்தார். மெழுகூட்டிய காகிதத்தில் எடுத்த எதிர்ப்படங்கள் அவை. அக்காலப் பூச்சுகள் நீல ஒளியை நன்கு உணர்ந்தன. சிவப்பை ஏறக்குறைய உணரவேயில்லை. ஆகவே நீல வானம் வெறும் வெள்ளையாகவும், கோயில் மதிலின் காவிப் பட்டைகள் கரும்பட்டைகளாகவும் பதிந்தன. ஹெர்மன் ஃபோகல் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1873இல் சாயம் கலந்து இக்குறையைக் குறைக்கும் வழியைக் கண்டறிந்தார். எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் விற்பனைக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். நம் முன்னோர் பழைய படங்களில் இயல்பைவிடக் கறுத்துத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். செந்நிறத் தோலின் சாயலையும் குங்குமத்தையும் அத்தகடுகள் கருமையாகவே கண்டன. வண்ணமேற்றும் நிரல் அந்தக் கருமையை நம்பி மேலும் கருமையைப் பூசுகிறது!

படத்துக்கு வண்ணம் பூசுவது புதிய பழக்கமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நம் நாட்டுப் புகைப்பட நிலையங்களில் ஓவியர்கள் அமர்ந்து படத்தின்மேல் நீர்வண்ணமும் எண்ணெய்வண்ணமும் தீட்டினார்கள். அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. படத்தில் இருப்பவரையே கேட்டுக்கொள்ளலாம். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மலைக்கோட்டையும் தெப்பக்குளமும் வண்ண அஞ்சலட்டைகளாக உலகைச் சுற்றின. அக்காலத்து இந்திய அஞ்சலட்டைகள் பலவும் ஜெர்மனியில் அச்சானவை. வண்ணம் பிரித்தவர்கள் நம் ஊர் வெயிலைக் கண்டிருக்க மாட்டார்கள்.

உண்மையான நிறத்தையே பதிக்க முயன்றவர்களும் உண்டு. பிரான்சின் லூமியேர் சகோதரர்கள் 1907இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கண்ணாடித் தகட்டில், சாயமேற்றிய உருளைக்கிழங்கு மாவுத் துகள்கள்தாம் நிறத்தைப் பிரித்தன. ஆல்பர்ட் கான் என்ற பாரிஸ் வங்கியாளர் அத்தகைய தகடுகளுடன் கலைஞர்களைப் பல நாடுகளுக்கும் அனுப்பினார். 1909 முதல் 1931 வரை சுமார் 72,000 தகடுகள் சேர்ந்தன. சந்தை, ஆற்றங்கரை, வீட்டுவாசல் எனச் சாதாரண மக்களின் அன்றாட வாழ்வு அவற்றில் நிறத்தோடு நிற்கிறது. நம் வீட்டு அலமாரியில் இருப்பவையோ கருப்பு வெள்ளைதாம்.

அவற்றை நோயாளிக்குக் காட்டுவதால் பலனுண்டா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். நினைவாற்றல் குறைந்தவர்களோடு பழைய படங்கள், பொருள்கள், பாடல்கள் வழியே உரையாடுவது பல நாடுகளில் வழக்கத்தில் உள்ளது. 2018இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, பலன் சிறியது என்றும் எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லை என்றும் கூறுகிறது. மருந்துக்கு மாற்றாக இதைக் கருத வேண்டாம். ஆனால் பிற்பகல் நேரம் நகர மறுக்கும் வார்டில், பேச ஒரு பொருள் கிடைப்பதே எங்களுக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

காட்டும் முறையில் கவனம் தேவை. "இது யாருன்னு தெரியுதா?" என்று தேர்வு வைக்காதீர்கள். தெரியாதபோது அவர்கள் கூசிப்போகிறார்கள். "இந்த வீட்டுல எத்தனை வருஷம் இருந்தோம்!" என்று நீங்களே தொடங்கிவிட்டுக் காத்திருங்கள். குடும்பப் படம் இல்லையென்றால் ஊர்ப் படம் போதும். திருவரங்கத்துத் தெற்குக் கோபுரம் மொட்டையாக நின்ற படத்தைக் காட்டிப் பாருங்கள். 1987ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று, 236 அடி உயரத்தில் நிறைவுற்ற அந்த இராஜகோபுரத்தின் குடமுழுக்கைக் கண்டவர்கள் எங்கள் வார்டுகளில் எப்போதும் சிலராவது இருப்பார்கள்.

வண்ணமேற்றுவதாயின் மூலப்படத்தின் நகலையும் பக்கத்தில் வையுங்கள். முகத்தைத் தெளிவாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது மச்சத்தையும் தழும்பையும் அழித்து வேறொரு முகத்தை வரைந்துவிடும். அம்மை வடு இல்லாத தாயைப் பிள்ளைக்கே அடையாளம் தெரியாது. தொழிற்கடை லேமினேஷன் வேண்டாம். பிறகு பிரிக்க இயலாது. பெயரையும் ஆண்டையும் படத்தின் பின்புறம் மென்பென்சிலால் எழுதுங்கள். பந்துமுனைப் பேனா அழுந்தி முன்புறம் தடம் விடும்.

அரக்குச் சேலைக்காரரின் மகள் படத்தைத் திருத்தி மறுபடியும் கொண்டுவந்தார். நிறம் சரி, கரைதான் இத்தனை அகலமில்லை என்றார் பெரியவர். அதையும் பின்புறம் எழுதிக்கொண்டார்கள்.

ஒரு வேண்டுகோள்: மூலப்படத்தைப் படுக்கையருகே விட்டுச்செல்லாதீர்கள். விரிப்பு மாற்றும்போது துணியோடு சேர்ந்து சலவைக்குப் போய்விடக்கூடும். இங்கே நகல் போதும்.